பஞ்சைக் கழுவாதேங்கோ

கொக்குவில்
04.02.2024

தனுஷாவுக்கு,

நேற்றுப் பின்னேரம் உமக்குப் போன் எடுத்தது நான்தான், கிருஷாந்தின்ரை அம்மா. அவன்ரை போனிலை இருந்துதான் எடுத்தனான். உம்மடை நம்பர் என்னட்டை வேறை எங்கை இருக்கு? நீர் எடுத்தீர், பிறகு ஏதோ விழுந்த சத்தம் கேட்டுது. அவன் செத்து ஒரு மாதம் கழிச்சு அவன்ரை பேர் உம்மடை போனிலை வந்து நிண்டால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு ஓடேல்லை. என்ரை மூளை இப்ப ஒழுங்காய் வேலை செய்யுறேல்லை. அதுதான் எழுதி வளப்புமீன் கடை றோயிட்டைக் குடுத்து விடுறன். நீர் வேலைக்குப் போகேக்கை அவன்ரை கடையைத் தாண்டித்தான் போறனீராம்.

விசயம் இதுதான். அவன்ரை மீனுகள் சாகுது. டெங்கிலை போன பிள்ளையெல்லே. செத்தவீட்டுக்கு வந்த சனம் எல்லாம் ஹோலிலை இருக்கிற அந்தத் தொட்டியைப் பாத்துப் பாத்து, "உந்தத் தண்ணியை வீட்டுக்கை வச்சிருந்தால் நுளம்பு வராமல் என்ன செய்யும்" எண்டு கதைச்சுதுகள். முப்பத்தொராம் நாள் காரியம் முடிச்சுத் துடக்குக் கழிச்ச அண்டு, வீட்டிலை பிடிச்சு வச்ச தண்ணி எல்லாம் ஊத்தி, சட்டி பானை கழுவுறது வழமைதானே. அதோடை தொட்டியையும் விடேல்லை. மீனுகளை வாளிக்கை விட்டிட்டு, கண்ணாடியையும் கல்லையும் பில்டருக்குள்ளை கிடந்த அந்தக் கறுத்தப் பஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சி, வெயிலிலை காயப்போட்டு, மஞ்சள் தண்ணி தெளிச்சு, புதுசாய்க் கிணத்துத் தண்ணி விட்டனான். பளிங்கு மாதிரி இருந்தது.

நாலைஞ்சு நாள் போகேல்லை, எல்லாம் மேலை வந்து வாயைப் பிளக்குதுகள். இரண்டு செத்திட்டுது. கண் பிதுங்கின கறுத்த மீன் ஒண்டு இருக்கெல்லே, அவன் முழியன் எண்டு கூப்பிடுறது, அது ஒரு மூலையிலை ஒதுங்கி நிக்குது. றோயைக் கேட்டால், "அந்தத் தொட்டியைப் பற்றி எனக்குத் தெரிஞ்சதை விடத் தனுஷாவுக்குத்தான் தெரியும், அவவைக் கேளுங்கோ அம்மா" எண்டுறான்.

உம்மைக் கட்டப்போறன் எண்டு அவன் வந்து சொன்ன அண்டு நான் கதைச்ச கதையளை நீர் மறந்திருக்கமாட்டீர். உம்மட்டைக் கேக்க எனக்கு விருப்பமில்லை, பொய் எழுதி என்ன. ஆனால் அவன் கையாலை வளத்த சீவன் அதுகள்தான் மிஞ்சிக் கிடக்கு. என்ன செய்யவேணும் எண்டு மட்டும் எழுதி விடும்.

குணலட்சுமி


பொலிகண்டி
06.02.2024

திருமதி பஞ்சலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் எழுதினது கிடைச்சது. அந்த நம்பரிலை இருந்து தயவுசெய்து இனி எடுக்காதேங்கோ. அதை அழிக்கவும் எனக்கு மனம் வராது, அது அடிச்சால் எடுக்காமல் இருக்கவும் என்னாலை ஏலாது.

மீனுக்கு மட்டும் பதில் எழுதுறன். நீங்கள் கழுவினது ஊத்தை இல்லை. அந்தப் பஞ்சுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமியள் இருந்தது. மீன் கழிக்கிறது தண்ணியிலை அமோனியா எண்ட நஞ்சாய் மாறும். அதைத் தின்னுறது அந்தக் கிருமியள்தான். அது வளர ஒரு மாதத்துக்கு மேலை எடுக்கும். கிருஷாந் தொட்டி வாங்கின புதிசிலை மீன் விடாமல் வெறுந்தண்ணியை ஓட விட்டு, நாளும் ஒரு நுள்ளு மீன்சாப்பாடு போட்டுக்கொண்டு திரிஞ்சவர். ஞாபகம் இருக்கோ? "இல்லாத மீனுக்குச் சாப்பாடு போடுது பைத்தியம்" எண்டு நீங்கள் பேசினதாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். அந்தச் சாப்பாடு அழுகி வாற நஞ்சிலைதான் கிருமி வளரும். அவர் பாத்துப் பாத்து வளத்ததை நீங்கள் ஒரு காலமையிலை பிளீச்சிங் பவுடர் போட்டு முடிச்சிட்டியள்.

இப்ப அது புதுத்தொட்டி மாதிரித்தான், ஆனால் மீன் உள்ளை நிக்குது. அதுகள் கழிக்கிற நஞ்சுக்குள்ளையே நிக்குதுகள். தினமும் கால்வாசித் தண்ணியை எடுத்திட்டு, முதல்நாளே வாளியிலை பிடிச்சு வச்ச தண்ணியை விடுங்கோ. குளோரின் போட்ட கிணறெண்டால் அந்தத் தண்ணி வேண்டாம். எங்கடை யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அதிலை இந்த நஞ்சு இன்னும் கூடக் கடிக்கும். எயார் மோட்டரை நிப்பாட்டவேண்டாம். சாப்பாட்டைக் குறையுங்கோ, இரண்டு நாளைக்கு ஒருக்கால் ஒரு நுள்ளு காணும். பஞ்சைக் கழுவாதேங்கோ. தொடவே வேண்டாம்.

நுளம்பு எண்டு கதைச்ச ஆக்களுக்கு ஒண்டு சொல்லுங்கோ. மீன் நிக்கிற தண்ணியிலை நுளம்பு முட்டை போட்டால் அதை மீன் தின்னும். உங்கடை வளவிலை நுளம்பு பெருகாத தண்ணி அந்தத் தொட்டி ஒண்டுதான்.

தனுஷா


கொக்குவில்
13.02.2024

தனுஷாவுக்கு,

நீர் சொன்னபடி தண்ணி மாத்துறன். நாரிப்பிடிப்போடை வாளி தூக்கித் தூக்கி இப்ப நிமிரவும் ஏலாது. அப்பிடியும் நீட்டுவால் மீன் ஒண்டும் செத்திட்டுது. நீர் எழுதின விதமும் சரியில்லை. வயசுக்கு மூத்த மனுசிக்கு எழுதுறமாதிரியோ அது? "நீங்கள் முடிச்சிட்டியள்", "நீங்கள் பேசினதாம்". நான் படிப்பிச்ச பிள்ளையள்கூட என்னோடை அப்பிடிக் கதைச்சதில்லை.

சாப்பாடு விசயத்திலை நீர் சொன்னதை நான் கேக்கேல்லை. மூண்டு நேரமும் போட்டனான். வாயை ஆவெண்டு திறந்துகொண்டு மேலை வந்து நிக்கிற சீவனுக்குப் போடாமல் எப்பிடி இருக்கிறது? ஆசுபத்திரியிலை அவன் அப்பிடித்தான் வாயைத் திறந்து திறந்து தண்ணி கேட்டவன். அந்த வருத்தத்துக்கு அளவுக்கு மிஞ்சித் தண்ணி குடுத்தால் நெஞ்சுக்குள்ளை போய் நிண்டிடும் எண்டு அளந்து அளந்துதான் குடுக்க விட்டவை. அவையள் செய்தது சரிதான், எனக்குத் தெரியும். ஆனால் என்ரை கையிலை போத்தல் இருந்தது, நான் குடுக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு வாய் திறந்து நிண்டு நான் பேசாமல் இருக்கிறதெண்டால் அது என்னாலை ஏலாது.

இதை ஏன் உமக்கு எழுதுறன் எண்டும் தெரியேல்லை.

வேறை ஏதும் வழி இருந்தால் எழுதும்.

குணலட்சுமி


பொலிகண்டி
15.02.2024

அன்ரி,

தண்ணி கேட்ட கதையை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு எதைத்தான் ஆர் சொன்னது. நீங்கள் எழுதினதைக் கடைக்கு வெளியிலை நிண்டே வாசிச்சிட்டன், பிறகு பஸ்ஸுக்கை முழுக்க யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தனான்.

அதுகள் பசியிலை வாய் திறக்கேல்லை. செவுள்ப் பூ எரிஞ்சு மூச்சு எடுக்கேலாமல் திறக்குதுகள். சாப்பாடு போடப் போட நஞ்சுதான் கூடும். இரக்கப்பட்டுச் சாக்காட்டாதேங்கோ.

வழி ஒண்டு இருக்கு. போன வருசம் கிருஷாந் எனக்கும் ஒரு தொட்டி வச்சுத் தந்தவர். அப்ப தன்ரை பில்டர்ப் பஞ்சிலை பாதியை வெட்டி, ஈரம் காயாமல் சொப்பிங் பையிலை சுத்திக்கொண்டு வந்து என்ரை தொட்டியிலை போட்டவர். "ஒண்டரை மாதம் நீர் காத்திருக்கத் தேவையில்லை, என்ரையிலை இருந்து பிடிச்சிடும்" எண்டவர். அந்தப் பஞ்சு இப்பவும் என்னட்டை உயிரோடை இருக்கு. அதிலை பாதியை வெட்டித் தாறன். உங்கடை தொட்டியிலை போட்டால் கெதியிலை தண்ணி திரும்பும்.

ஆனால் நான் கொண்டு வரமாட்டன். செத்தவீட்டண்டு நானும் றோய் அண்ணையும் உங்கடை கேற்றடிக்கு வந்தனாங்கள். கேற்றைச் சாத்தினது உங்கடை தம்பி, சாத்தச் சொன்னது ஆர் எண்டும் எனக்குத் தெரியும். மதில் ஓரமாய் வெயிலுக்கை நிண்டனான். கடைசியிலை பெட்டி வெளியிலை வந்தது, அதுகும் மூடின பெட்டி. ஆக்கள் தள்ளித் தள்ளி என்னை ஒழுங்கை மட்டும் கொண்டுபோட்டினம். நான் அவரின்ரை முகம் பாக்கேல்லை அன்ரி.

றோய் அண்ணையிட்டைப் பஞ்சைக் குடுத்து விடலாம். குடுக்கமாட்டன். நீங்கள் வாங்கோ. எங்கடை வீட்டுக்கு வந்து, கிருஷாந் இருந்த கதிரையிலை இருந்து, என்ரை கையாலை வாங்கிக்கொண்டு போங்கோ.

தனுஷா


கொக்குவில்
18.02.2024

தனுஷாவுக்கு,

ஆண்டுத்திவசம் முடியுமட்டும் நான் ஒருத்தற்றை வீட்டுக்கும் போறதில்லை. உமக்கு அது விளங்கவேணும். ஒரு துண்டுப் பஞ்சைக் காட்டி என்னைக் கடற்கரை மட்டும் நடக்க வைக்கப் பாக்கிறீர். சொந்தச் சனமே என்னை அப்பிடி நடத்தினதில்லை.

முழியனும் இன்னொண்டும்தான் மிச்சம். நான் தண்ணி மாத்திப் பாக்கிறன்.

குணலட்சுமி


பொலிகண்டி
20.02.2024

அன்ரி,

சரி. இனி கால்வாசி காணாது, தினமும் பாதித் தண்ணியை மாத்துங்கோ. ஒருநாளும் தவற விடாதேங்கோ.

பஞ்சு இருக்கு. ஞாயிற்றுக்கிழமையிலை நானும் வீட்டிலைதான்.

தனுஷா


பொலிகண்டி
04.03.2024

அன்ரி,

நேற்று நீங்கள் வந்ததுக்கு நன்றி எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான். வருகுதில்லை.

நீங்கள் வாறியள் எண்டு றோய் அண்ணை சொன்னதிலை இருந்து எங்கடை வீட்டிலை என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. ஐயா முன் விறாந்தையிலை கிடந்த வலையெல்லாத்தையும் பின்வளவுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர். ஞாயிற்றுக்கிழமை, அண்டைக்குத்தான் எங்கடை வீட்டிலை நல்ல மீன் காய்ச்சுறது. மணக்கக்கூடாது எண்டு அம்மா பருப்பும் கத்தரிக்காயும்தான் வச்சவ. வாழ்க்கையிலை ஒருநாளும் தேத்தண்ணிக் கோப்பைக்குத் தட்டு வைக்காத மனுசி, பக்கத்து வீட்டிலை தட்டு இரவல் வாங்கினவ.

நீங்கள் வந்தியள். கிருஷாந் இருந்த கதிரையிலை இருந்தியள். அம்மா உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதவ, நீங்களும் அழுதனீங்கள். நான் பஞ்சை வெட்டித் தொட்டித் தண்ணியோடை உங்கடை வாளிக்கை போட்டுத் தந்தன். அவ்வளவு நேரமும் அந்தத் தேத்தண்ணி உங்களுக்கு முன்னாலை ஆறி ஆடை பிடிச்சுக்கொண்டு கிடந்தது. நீங்கள் அதைப் பாத்தியள், பிறகு யன்னலைப் பாத்தியள். அம்மா அதை எடுத்துக்கொண்டு போனவ. நீங்கள் பஸ் ஏறின பிறகு குசினிக்கை போய்ப் பாத்தால், கோப்பை கழுவுற சிங்குக்குப் பக்கத்திலை நிண்டுகொண்டு அதைத் தானே குடிக்கிறா.

எங்கடை வீட்டுப் பஞ்சு உங்களுக்கு ஆகும். எங்கடை வீட்டுத் தேத்தண்ணி ஆகாது. வடிவாய் விளங்குது.

பஞ்சை உங்கடை பஞ்சுக்குப் பக்கத்திலை, தண்ணி ஓடுற இடத்திலை வையுங்கோ.

தனுஷா


கொக்குவில்
07.03.2024

பிள்ளை தனுஷா,

உம்மடை கடிதத்தை வாசிச்சிட்டு இரண்டு நாள் இதை எழுதாமல் இருந்தன். நாரி நோகுது, கண் தெரியேல்லை எண்டு எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தன்.

தேத்தண்ணி வந்து வச்ச உடனை நான் எடுக்கேல்லை. அது நீர் நினைச்ச அதே காரணம்தான். சின்னனிலை இருந்து ஊறினது, கை தானாய் மடியிலை கிடந்திட்டுது. அதுக்குப் பிறகு உங்கடை சாமிப்படத் தட்டிலை அவன்ரை படத்தைக் கண்டன். சிவப்புச் சேட்டுப் போட்டு, பல்லு முழுக்கத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான். அப்பிடி ஒரு படம் என்னட்டை இல்லை. என்னோடை நிக்கேக்கை அவன் அப்பிடிச் சிரிச்சதில்லை. முன்னாலை விளக்கு எரியுது, புதுப் பூ வச்சிருக்கு. ஆர் வைக்கிறது எண்டு கேட்டன். தான்தான், விடியக் கடல்தொழிலாலை திரும்பி வந்து குளிச்சிட்டு வைக்கிறனான் எண்டு உம்மடை ஐயா சொன்னவர். என்ரை கூடப்பிறந்ததுகள் எட்டாம் நாளுக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை.

அப்ப எனக்குக் குடிக்கவேணும் போலை இருந்தது. கை நீட்டினன். அதுக்கிடையிலை அம்மா கோப்பையை எடுத்திட்டா. கோவத்திலை இல்லை. எனக்கு வெக்கம் வரக்கூடாது எண்டு எடுத்தவ, முகத்திலை தெரிஞ்சுது. "விடுங்கோ, குடிக்கிறன்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும். காட்டாட்டிலும் உம்மடை விருப்பம்.

பஸ்ஸிலை வாளியை மடியிலை வச்சுக்கொண்டு வந்தன். குலுங்கித் தண்ணி சீலையெல்லாம் ஊத்துண்டு போச்சு. உடுப்பிட்டிச் சந்தியிலை ஏறின எங்கடை பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒராள் "என்ன அது?" எண்டு கேட்டா. என்ரை மகன்ரை பஞ்சு எண்டன். மனுசி முன்னுக்குப் போய் இருந்திட்டா.

நீர் சொன்ன இடத்திலைதான் வச்சிருக்கிறன். மற்றது செத்திட்டுது, முழியன் மட்டும் நிக்குது. செட்டை ஓரமெல்லாம் கரைஞ்சு போச்சு. ஆனால் இண்டைக்குக் காலமை கண்ணாடிக்குக் கிட்ட வந்து என்னைப் பாத்தது. நான் ஒண்டும் போடேல்லை.

குணலட்சுமி


கொக்குவில்
12.03.2024

பிள்ளை,

முழியன் நேற்று மத்தியானம் செத்திட்டுது.

காலமை பக்கவாட்டிலை சரிஞ்சு கிடந்தது. கையைத் தண்ணிக்கை விட்டுத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கொஞ்ச நேரம் செவுள்ப் பூ அசைஞ்சுது, பிறகு இல்லை. கை விறைக்குமட்டும் நிண்டிட்டு எடுத்தன்.

மாதுளைக்குக் கீழை கிடங்கு வெட்டித் தாட்டிருக்கிறன். மண் மூடேக்கைதான் ஒண்டு நினைவு வந்தது. கிருஷாந்தைக் கொண்டுபோகேக்கை நானும் பின்னாலை ஓடினனான். கேற்றடியிலை வச்சு என்னைப் பிடிச்சிட்டினம். பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லையாம். பெத்தவளுக்கும் அதுதான் சட்டம். அண்டைக்கு நீர் கேற்றுக்கு அங்காலை நிண்டிருக்கிறீர், நான் இஞ்சாலை நிண்டிருக்கிறன். இரண்டு பேருக்கும் அந்த ஒரு கேற்றுத்தான். உமக்கு அதைச் சாத்தச் சொன்ன வாயும் என்ரை வாய்தான்.

அவனைக் கடைசி மட்டும் கொண்டுபோய் விட எனக்குக் கிடைக்கேல்லை. இந்த மீனை மட்டும் என்ரை கையாலை தாட்டன்.

நீர் எழுதின அண்டே நான் வந்திருந்தால் முழியன் நிண்டிருக்கும். இல்லையெண்டு எழுதாதேயும்.

குணலட்சுமி


பொலிகண்டி
15.03.2024

அன்ரி,

இல்லையெண்டு எழுதேல்லை. நிண்டிருக்கும். ஆனால் நானும் அண்டைக்கே றோய் அண்ணையிட்டைப் பஞ்சைக் குடுத்து விட்டிருந்தால் நிண்டிருக்கும். உங்களை வர வைக்கவேணும் எண்டு பதினேழு நாள் அதை என்ரை தொட்டிக்கை பூட்டி வச்சிருந்தனான். அவரின்ரை மீன் சாகுதெண்டு தெரிஞ்சுகொண்டே வச்சிருந்தனான். உங்கடை கடிதம் வந்த அண்டு முழுக்க எனக்கு அதுதான் நினைவு.

நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கேட்டிட்டு, "மனுசி பஸ்ஸுக்கை வெறும் வயித்தோடை போயிருக்கும்" எண்டா. அவ்வளவுதான்.

நேற்று றோய் அண்ணை உங்கடை வீட்டை வந்து தண்ணி எடுத்துக்கொண்டு போனவரெல்லே. குழாயிலை விட்டு மருந்து போட்டுப் பாத்தவராம். அமோனியா துப்பரவாய் இல்லை. பஞ்சு பிடிச்சிட்டுது. தண்ணி நல்ல தண்ணியாம், இப்ப எந்த மீனையும் விடலாமாம். கேட்ட உடனை கடைக்குள்ளையே எனக்கு அழுகை வந்திட்டுது.

நான் மீன் கொண்டு வரமாட்டன் அன்ரி, கோவத்திலை சொல்லேல்லை. அந்தத் தொட்டிக்கை இனி எதை விடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. உங்களுக்கும் தெரியாது எண்டு நினைக்கிறன். ஆனால் பஞ்சைச் சாக விடாதேங்கோ. அதுக்குள்ளை இருக்கிறது அவரின்ரை கையாலை வந்தது. மீன் இல்லாட்டில் அதுக்குச் சாப்பாடு இல்லை, பட்டினியிலை செத்துப்போகும். நாளும் ஒரு நுள்ளு மீன்சாப்பாடு தண்ணிக்கை போடுங்கோ. மோட்டர் ஓடட்டும். பாக்கிற ஆக்கள் பைத்தியம் எண்டுவினம், எண்டட்டும்.

தனுஷா


கொக்குவில்
21.03.2024

பிள்ளை,

நாளும் போடுறன். காலமையிலை அவன்ரை படத்துக்கு முன்னாலை ஒரு பீங்கானிலை புட்டோ இடியப்பமோ வைக்கிறனான், அவன் போன நாளிலை இருந்து வழமை. வச்சிட்டு வந்து தொட்டிக்கை ஒரு நுள்ளு போடுறன். இரண்டையும் ஒருத்தரும் தின்னுறேல்லை. பீங்கானிலை வச்சதைப் பிறகு காகத்துக்குப் போடுறன். தொட்டியிலை போட்டது மெல்ல மெல்லக் கீழை போய்க் கல்லுக்கை மறைஞ்சிடும், அதைப் பாத்துக்கொண்டு இருப்பன்.

நேற்று என்ரை தம்பி வந்தவன். மீன் இல்லாத தொட்டிக்கு நான் சாப்பாடு போடுறதைக் கண்டிட்டு, "அக்காவுக்குப் பைத்தியம் தட்டிப்போச்சு" எண்டு வெளியிலை நிண்டு ஆருக்கோ போனிலை சொன்னவன். கேட்டுக்கொண்டுதான் இருந்தன். கிருஷாந்துக்கு நான் சொன்ன அதே சொல்லு. அவன் அண்டைக்கு ஏன் கோவிக்காமல் சிரிச்சவன் எண்டு எனக்கு இப்ப விளங்குது.

தம்பி போகேக்கை கேற்றைச் சாத்திக்கொண்டு போனவன். நான் போய்த் திரும்பத் திறந்துவிட்டன். இப்ப பகலிலை அது திறந்துதான் கிடக்கு. மாடு வந்து செவ்வரத்தையைக் கடிச்சிட்டுது, கடிக்கட்டும்.

மீன் கொண்டு வரவேண்டாம். சும்மா வாரும். அம்மாவையும் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வாரும், வரமாட்டினம் எண்டால் நீர் மட்டும் வாரும். அவன்ரை கதிரை தொட்டிக்கு முன்னாலை கிடக்கு. நல்ல தேத்தண்ணி ஊத்தித் தருவன், தட்டும் வைப்பன்.

குடிக்கவேணும் எண்டு இல்லை. அம்மாவின்ரை தேத்தண்ணியை நான் ஆற விட்டனான். வந்திருந்து என்ரையை நீர் ஆற விட்டிட்டுப் போம்.

மாமி